மூன்று சொருகல்

காலையில் எழுந்ததும் உஸ்மான் கனியால் வலது கட்டைவிரலை மடக்க முடியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, ஈரத்துணியைப் பிழிவதுபோல் யாரோ உள்ளே பிழிந்துகொண்டிருந்தார்கள். பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டு, அதற்குள் கையை விட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தானை வஹீதுன்னிசாதான் போட்டுவிட்டாள்.

"கல்யாணம் ஆயி இருவத்திரண்டு வருசம். இப்பத்தான் மாப்ளைக்கு சட்ட போட்டுவுட்ற பாக்கியம் கெடச்சிருக்கு" என்றாள்.

"சிரிக்காத. இந்தக் கை போச்சுன்னா சோறு போச்சு."

"கை எங்கியும் போவாது. அதுக்கு மட்டும் வாய் இருந்தா உங்கள நாறடிச்சிருக்கும்."

வீடு பூந்தமல்லியில். வேலை திருமழிசை தொழிற்பேட்டையில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில். கிரேனில் பாரம் தூக்குவதற்கு ஸ்டீல் கம்பிக்கயிற்றில் ஸ்லிங் செய்கிறார்கள். கயிற்றின் இரண்டு முனையையும் வளைத்துக் கண்ணி போட வேண்டும். கொக்கி மாட்டுவது அந்தக் கண்ணியில்தான். மெஷினில் அமுக்கிப் போடுகிற கண்ணியும் உண்டு. கையால் போட்டதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிற கம்பெனிகளும் உண்டு. அந்தக் கை உஸ்மான் கனியுடையது.

ஒரு கயிற்றில் ஆறு புரி, மெல்லிய கம்பிகளை முறுக்கிய ஆறு இழை. முனையைப் பிரித்து, வளைத்து, வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கிவிட்டு, கடப்பாரைக்குத் தம்பி மாதிரி இருக்கும் கூரான ஸ்பைக்கால் கயிற்றின் வயிற்றைத் திறக்க வேண்டும். திறந்த சந்தில் ஒவ்வொரு புரியாகச் சொருகி இழுக்க வேண்டும். ஒரு புரிக்கு ஐந்து சொருகல். ஆறு புரிக்கு முப்பது. கம்பி முனை கையைக் குத்தாமல் இருக்க மேலே சாக்குத் துணி வைத்து, மெல்லிய கம்பியால் நெருக்கமாகச் சுற்றிவிடுவார்கள். சுற்றி முடித்த பிறகு உள்ளே எத்தனை சொருகல் இருக்கிறது என்பது போட்டவனுக்கும் படைத்தவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை, அரை நாள் வேலை. பட்டறைக்குள் நுழைந்ததுமே வினோத் எதிரில் வந்தான். பட்டறை முதலாளி. முப்பத்தைந்து வயது. கெட்டவன் என்று சொல்ல முடியாது. எப்போதும் ஒரு லாரி வெளியே நிற்கிறது, டிரைவர் திட்டுகிறான் என்கிற மாதிரிதான் பேசுவான்.

"பாய், நல்ல சேதி. அம்பத்தூர் கேஸு திங்கக்கிழம முடியுது. அந்த ஆளு ஓவர் லோடு தூக்கிட்டான், குடிச்சிருந்தான்னு எழுதிட்டாங்கோ. நம்ம மேல ஒன்னும் இல்ல."

"யாரு எழுதுனது?"

"அவங்க கம்பெனி ஆபீசருங்கதான். நமக்கு இன்னா? உன் கை மேல எனக்கு எப்பவும் டவுட்டே இல்ல பாய்."

உஸ்மான் கனி வைஸ் பக்கம் போனான்.

அம்பத்தூர் கேஸ் என்று வினோத் சொன்னது ஆறு வாரத்துக்கு முந்தைய விபத்து. தகடை அச்சில் அழுத்தி உருவம் எடுக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஒன்றரை டன் இரும்பு அச்சைத் தூக்கும்போது ஸ்லிங் விட்டுப்போனது. பாரம் கட்டுகிற தசரதனின் இடது பாதம் அச்சுக்கு அடியில் மாட்டியது. கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

தசரதனோடு உஸ்மான் கனிக்கு ஒன்பது வருடப் பழக்கம். அவன் கம்பெனிக்கு ஸ்லிங் எடுக்க வேறு யாரையும் அனுப்பாமல் தானே டெம்போவில் வருவான். ஒவ்வொரு கண்ணியையும் தடவிப் பார்ப்பான். "கனி பாய் போட்டதுன்னா கண்ண மூடிக்கினு தூக்கலாம் மாமே" என்று டெம்போ டிரைவரிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவான். இருவருமாக வெளியே கடையில் டீ குடிப்பார்கள். காசு கொடுப்பதில் சண்டை வரும். அப்படிப்பட்டவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் உஸ்மான் கனி ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. கேட்டவர்களிடம் கை வலி என்றான்.

ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, கையில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"கனி பாய் ஊடு இதானா?"

தசரதனின் மனைவி ராணி. உஸ்மான் கனி அவளை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கொரட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. வஹீதுன்னிசா அவளை உள்ளே உட்காரவைத்து, ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டு, டீ போடப் போனாள்.

ராணி கட்டைப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு புரி. க்ரீஸ் காய்ந்து கறுத்திருந்தது.

"அன்னிக்கு வுட்டுப்போன ஸ்லிங்கோட துண்டு பாய். மீதி அவங்க ஸ்டோர்ல கெடக்குதாம். கிரேன் ஓட்ற விஜி அண்ணன் இத மட்டும் வெட்டி, சோத்துப் பையில வச்சு எடுத்தாந்து குடுத்தாரு. திங்கக்கிழம விசாரணை வச்சிருக்காங்கோ. குடிச்சிட்டு வேல பாத்தான், அதிகமா தூக்கினான்னு எழுதிட்டாங்கோ. அந்த மனுசன் அன்னிக்கு ஒரு சொட்டு தொட்ல பாய். ஆடி மாசம் கோயிலுக்கு மால போட்டுக்கினு இருந்தாரு. எனக்கு கயிறப் பத்தி இன்னா தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும். இதப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்கோ. அவர் மேல தப்பு கீதா, இல்லியா?"

உஸ்மான் கனி அந்தப் புரியை வாங்கினான்.

அறுந்துபோன கயிற்றின் முனை துடைப்பம் மாதிரி சிலும்பியிருக்கும். இது அறுந்ததில்லை. சொருகலிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. சொருகி இறுக்கிய கம்பி, எத்தனை இடத்தில் வளைந்து உள்ளே போனதோ அத்தனை வளைவையும் வெளியே வந்த பிறகும் விடாது. நேராக்கினாலும் விடாது. அவன் கட்டைவிரல் அந்தப் புரியின் மேல் மெதுவாக நகர்ந்தது. ஒரு வளைவு. இரண்டு. மூன்று. அதற்குப் பிறகு கம்பி நேராக இருந்தது.

நாலாவது வளைவும் ஐந்தாவது வளைவும் இருக்காது என்று அவனுக்கு, விபத்து என்று கேள்விப்பட்ட அன்றே தெரியும். தெரியாத மாதிரி ஆறு வாரம் ஓட்டியிருந்தான்.

அது ரமலான் கடைசிப் பத்து நாளில் செய்தது. பெருநாளுக்கு முன்னால் முப்பது ஸ்லிங் வேண்டும் என்று வினோத் நின்றான். ஒரு கண்ணிக்கு இவ்வளவு என்று கூலி. கை இதே மாதிரி வலித்தது. மூன்றாவது சொருகலோடு ஒரு நாள் நிறுத்திப் பார்த்தான். இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. மூன்று போதும் போலிருக்கிறதே என்று தோன்றியது. பெரும்பாலும் போதும்தான். ஆனால் சாக்கை மட்டும் ஐந்து சொருகல் நீளத்துக்கே வைத்தான், உள்ளே மெலிந்து தெரியாமல் இருக்க இரண்டு மடிப்பு கூடுதலாக வைத்தான், கம்பியையும் அதே நீளத்துக்குச் சுற்றினான். வேலையைக் குறைத்தது கை வலியால் என்று சொல்லிக்கொள்ளலாம். மறைத்ததை எந்த வலி மேலும் போட முடியாது. வினோத் குறைக்கச் சொல்லவில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பெருநாளுக்குப் பிறகும், கை வலித்த நாட்களில் எல்லாம் மூன்றோடு நிறுத்தினான். யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஸ்லிங்கையும் இழுத்துச் சோதித்து முத்திரைத் தகடு மாட்ட வேண்டும் என்பது விதி. வினோத் இருபதில் ஒன்றைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு இருபதுக்கும் முத்திரை அடித்துவிடுவான்.

"சொல்லுங்க பாய்" என்றாள் ராணி.

அவன் புரியைச் செய்தித்தாளின் மேல் வைத்தான்.

"பாரம் ஜாஸ்தி ஆயிருக்கும்மா. அதான் இப்டி உருவிக்கினு வந்திருக்கு."

ராணி செய்தித்தாளின் மேல் கிடந்த புரியைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. யாரோ சொல்லப்போகிறார்கள் என்று எதிர்பார்த்ததைக் கேட்டுவிட்டவள் போலத்தான் இருந்தாள்.

"அவரும் அதாம் பாய் சொன்னாரு. கனி பாய் போட்டது போவாது ராணி, நான்தான் எங்கியோ தப்பு பண்ட்டேன் போல கீதுன்னாரு. நாந்தான் கேக்காம பஸ் ஏறி வந்தேன்."

டீயைக் குடித்தாள். டம்ளரைத் தானே கழுவி வைக்கப் போனவளை வஹீதுன்னிசா தடுத்தாள். "ரொம்ப தேங்க்ஸ் பாய், தொந்தரவு பண்ட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். புரியை எடுத்துக்கொள்ளவில்லை. "இத வச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்?" என்று போய்விட்டாள்.

உஸ்மான் கனி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வஹீதுன்னிசா டம்ளர்களை எடுக்க வந்தவள், பெஞ்சில் கிடந்த புரியைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இன்னாங்க இது, அலை அலையா கீது? நம்ம ஹிபா ஜட பின்னி, அவுத்துவுட்டா முடி இப்டித்தான் நிக்கும்."

"கீழ வை. க்ரீஸு."

"எத்தினி வாட்டி பின்னுனா அத்தினி அல." அவள் விரல் வைத்து எண்ணினாள். "நீங்க ஒரு கம்பிய எத்தினி வாட்டி வுடுவீங்க?"

அவன் தைல பாட்டிலின் மூடியைத் திருகினான்.

"அஞ்சுன்னு சொல்லுவீங்களே. ஹிபாவுக்கு பின்னிக் காட்டுனீங்களே ஒரு நாள், ரிப்பன வச்சு. அஞ்சு வாட்டி போனாத்தான் ஆன கட்டி இழுத்தாலும் வராதுன்னு." அவள் மறுபடி எண்ணினாள். "இதுல மூணுதான் கீது."

தெருவில் கேஸ் சிலிண்டர் வண்டி தட்டிக்கொண்டே போனது. 

"நீங்க போட்டதா?"

"நாந்தான்."

"எப்போ?"

"நோன்புல."

வஹீதுன்னிசா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கையிலிருந்த டம்ளர்களைப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தப் பொம்பள என் கையால டீ குடிச்சிட்டு உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போறா. அப்போ உங்களுக்கு நாக்கு மடங்கலியா?"

"கை ரொம்ப வலிச்சிது வஹீதா..."

"வலிச்சா எறங்கி வந்திருக்கணும். ஒரு மாசம் ஊட்ல குந்தியிருக்கணும். நான் துணி தச்சு கஞ்சி ஊத்தியிருக்க மாட்டனா?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "ஒன்னு கேக்குறேன், பதில் சொல்லுங்க. நோன்பு டைம்ல அந்தத் தகர ஷெட்டுல நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க. பாத்ரூம்ல கொழா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கதவ சாத்திக்கினா யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு மொடக்கு குடிச்சீங்களா?"

"அல்லா மேல ஆணையா இல்ல."

"ஏன்?"

 பதில் அவனுக்குத் தெரியும். ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். யாரும் பார்க்காத இடத்திலும் ஒருவன் பார்க்கிறான் என்பதுதான் நோன்பு. கதவைச் சாத்திக்கொண்டும் தண்ணீர் குடிக்காத அதே பகலில், அதே கையால், சாக்குக்கு உள்ளே யாரும் பார்க்காத இடத்தில் இரண்டு சொருகலை விழுங்கியிருக்கிறான். சாயங்காலம் பேரீச்சம்பழம் வைத்து நோன்பு திறந்தபோது, இன்றைக்கும் முழுசாக முடித்தேன் என்று மனசுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. 

பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்த ஹிபாவின் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது. அன்று முழுவதும் அவன் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் வந்து "அத்தா, கை எப்டி இருக்கு?" என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கொரட்டூருக்குப் போனான். ஏரிக்கரைப் பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை. தசரதன் கட்டிலில் சாய்ந்து, இடது காலைத் தலையணை மேல் நீட்டியிருந்தான். கட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. உஸ்மான் கனியின் கண் அங்கேயே போனது. பிடுங்கி எடுத்து வேறு பக்கம் வைத்தான். அது திரும்பவும் அங்கேயே போனது.

"வா பாய், வா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" தசரதன் சிரித்தான். "செருப்பு சைஸ் ஒன்போதா உனுக்கு? எடது கால் செருப்பு அப்டியே புதுசா கீது, எடுத்துக்கினு போ. ராணி, பாய்க்கு சேர் போடு."

"சேர் வேணாம்."

"இன்னா பாய், கல்யாணத்துக்கு வந்த மாதிரி நின்னுகினு..."

உஸ்மான் கனி நின்றபடியே சொன்னான். பஸ்ஸில் வரும்போது சேர்த்துவைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. பையிலிருந்து புரியை எடுத்து நீட்டினான். "இதுல அஞ்சு மடிப்பு இருக்கணும் தசரதா. மூணுதான் கீது. நான் கொறச்சிட்டேன். மேல சாக்கு வச்சு மூடிட்டேன். நீ அதிகமா தூக்கல. உன் மேல தப்பே இல்ல."

அடுப்பங்கரை வாசலில் நின்ற ராணிதான் முதலில் பேசினாள்.

"வெள்ளிக்கிழம என்கிட்ட பாரம் ஜாஸ்தின்னீங்களே."

"பொய் சொன்னேம்மா."

"உங்க ஊட்டு டீய குடிச்சிட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தனே பாய். பஸ்ஸுல வரச்சொல்லோ இந்த மனுசன மனசுக்குள்ள திட்டிக்கினே வந்தனே, உன்னால தாண்டா எல்லாம்னு." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உள்ளே போய்விட்டாள். பாத்திரம் ஒன்று உருண்டது.

தசரதன் புரியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பாரம் கட்டுகிறவனின் விரல், தடித்த விரல். வளைவுகளைத் தொட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைத் தேடி விரல் இன்னும் கொஞ்ச தூரம் போய், நேர்க் கம்பியில் வழுக்கித் திரும்பியது. மறுபடியும் தேடியது.

"நான் டெய்லி நெனச்சிப் பாத்துக்கினே கீறேன் பாய்" என்றான் கடைசியில். "கொக்கி கோணலா மாட்டினனா, ஸ்லிங்க ரொம்ப அகலமா போட்டனா, வெயிட்டு தப்பா கணக்கு போட்டனான்னு. நாப்பது நாளா அதே அச்ச, மனசுலயே திரும்பத் திரும்ப தூக்கிப் பாத்துக்கினு கீறேன். எங்க தப்பு பண்ணேன்னே கெடைக்கல. கெடைக்காமயே, சரி தப்பு நம்மளுதுதான்னு ஒத்துக்கினேன். ஏன்னா கயிறு உன்னுது."

அவன் கண்ணில் நீர் வந்தது. காலுக்காக அவன் அழுது முடித்துவிட்டிருந்தான். இது வேறு அழுகை.

"மன்னிச்சுடு தசரதா" என்று உஸ்மான் கனி கைகூப்பினான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

"அத இப்போ கேக்காத. என்கிட்ட இல்ல." தசரதன் மூக்கைத் துண்டில் துடைத்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். "நீ இன்னாத்துக்கு அழுவுற? அழுகைய அப்பால வச்சிக்க. மத்ததெல்லாம் எங்க?"

"எது?"

"இது மாதிரி மூணு போட்டது. இது ஒன்னுதானா?"

உஸ்மான் கனி திகைத்து நின்றான். வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் தன் பாவத்தை நினைத்தான், தன் நோன்பை நினைத்தான், தன் மகள் முகத்தை நினைத்தான், தசரதன் காலை நினைத்தான். மற்ற ஸ்லிங்குகளை நினைக்கவே இல்லை.

"எத்தினி பாய்?"

"தெரியல. நோன்புலேருந்து... கை வலிச்ச அன்னிக்கெல்லாம்."

"யோவ்!" தசரதன் கட்டிலில் பாதி எழுந்தான். கால் இருக்கிற நினைப்பில் இடது காலை ஊன்றப் போய், வலியில் பல்லைக் கடித்துச் சாய்ந்தான். "இங்க வந்து என் காலப் பாத்து அழுதுகினு நிக்கிறியே, இந்த நிமிசம் எவனோ ஒருத்தன் உன் கயித்துக்குக் கீழ நிக்கிறான்யா! கண்ண மூடிக்கினு நிக்கிறான், என்ன மாதிரி. ஒன்னு தெரிஞ்சுக்கோ. நாம மறச்சு வேலையக் கொறச்சா கொறயறது இரும்பு இல்ல. அதுக்குக் கீழ நிக்கிறவன் கை, கால், உசுரு. அவன் பேரு, மூஞ்சி எதுவும் நமக்குத் தெரியாது. தெரியாதவன்னுதான் துணிஞ்சு கொறைக்கிறோம். எனக்காச்சும் உன்னத் தெரியும், வந்து நிக்கிற. தெரியாதவன் ஊட்டுக்கு எப்டிப் போவ?"

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உஸ்மான் கனி பட்டறைக்குப் போனான். போன வருடம் ஐந்து சொருகலில் போட்ட பழைய ஸ்லிங் ஒன்றை வைஸில் மாட்டி, ஸ்பைக்கால் கண்ணியைப் பிரிக்க ஆரம்பித்தான். ஒழுங்காகப் போட்டது ஒழுங்காகப் பிரியாது. கை உயிர் போனது. முக்கால் மணி நேரத்தில் ஒரு புரியை வெளியே எடுத்தான். ஐந்து வளைவு.

வினோத் வந்து பார்த்து, விஷயத்தைக் கேட்டு, வெளுத்துப்போனான்.

"நான் மூணு போடச் சொன்னனா பாய்?"

"சொல்லல. அங்க கேட்டா அதையும் சொல்றேன்."

"அப்புறம் என் தலையில ஏன் மண்ண அள்ளிப் போட்ற? கேஸு இன்னியோட முடிஞ்சிருக்கும்!"

"மண்ண நான் நோன்புலயே போட்டேன். நீ இப்பத்தான் பாக்குற." உஸ்மான் கனி புரியைப் பேப்பரில் சுற்றினான். "நீ ஒழுங்கா ஒவ்வொன்னையும் டெஸ்டுக்கு அனுப்பியிருந்தா நான் மொத வாரமே மாட்டியிருப்பேன் வினோத்து. அனுப்ப மாட்டேன்னு தெரிஞ்சுதான் எனக்கு தைரியம் வந்துச்சு. நீ கொஞ்சம் வா. ரெண்டு பேருமா போலாம்."

வினோத் வரவில்லை.

அம்பத்தூர் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அவனை உள்ளே விட மறுத்தான். ஆட்டோவிலிருந்து ராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிய தசரதன், "என் சாட்சி அவரு" என்றான். நண்பன் என்று சொல்லவில்லை.

விசாரணை அறையில் நான்கு பேர். விசாரணையை நடத்தி எழுதிக்கொண்டிருந்தது ஷோபனா என்கிற அதிகாரி. உஸ்மான் கனி, தசரதனிடமிருந்த புரியை வாங்கி, தான் கொண்டுவந்ததையும் சேர்த்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "எண்ணிப் பாருங்கம்மா" என்றான். அவள் பேனா நுனியால் எண்ணினாள். ஸ்டோரில் கிடந்த மிச்சத்தையும் கொண்டுவரச் சொன்னாள். மீதி ஐந்து புரியிலும் மும்மூன்று வளைவுதான். குடித்திருந்தான் என்று எழுதிய பாதுகாப்பு அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்திருந்தான் என்பதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறதா என்று ஷோபனா கேட்டபோது, "வழக்கமா அப்படித்தான் இருப்பாங்க" என்றார்.

"இவ்ளோ நாள் கழிச்சு ஏன் வந்து சொல்றீங்க?" என்று உஸ்மான் கனியைக் கேட்டாள் ஷோபனா. "உங்க மேலேயே கேஸ் வரும். தெரியுமில்ல?"

"தெரியும்மா. மொத நாளே வந்திருக்கணும். வெக்கமா இருந்துச்சு, வரல. வெக்கத்தக் காப்பாத்திக்க இவர குடிகாரனா வுட்டுட்டேன்." மேசை மேல் கிடந்த புரியைத் தொட்டான். "வேல செய்றவன் எல்லாருக்கும் ஒன்னு சொல்லுவேன். மேல சாக்கப் போட்டு மூடிட்டா உள்ள இருக்கிறது போவாது. கம்பி மறக்காது. ஒரு நாள் வெளிய வந்து எண்ணிக்கை சொல்லும். அதுக்குள்ள ஒரு மனுசன் கால் போயிருக்கும். கை முடியலன்னா முடியலன்னு சொல்லிட்டு எறங்கிடுங்க. அதுல கேவலம் இல்ல. மூடுறதுலதான் கேவலம்."

குடித்திருந்தான், அதிகப் பாரம் தூக்கினான் என்கிற இரண்டு வரிகளும் அன்று அடிக்கப்பட்டன. தசரதனின் நஷ்டஈட்டு மனுவை மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். தொழிற்சாலை ஆய்வாளருக்குக் கடிதம் போனது. உஸ்மான் கனி மேலும் வினோத் மேலும் வழக்குப் பதிவானது. சில நாளில் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது தசரதன் ஆட்டோவில் ஏறி, அவனைப் பார்க்காமலே, "பட்டறையில வித்த ரிஜிஸ்தர எடுத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

எடுத்தான். நோன்பு மாதத்திலிருந்து விற்றது, தசரதன் காலை எடுத்ததை விட்டுவிட்டு, அறுபத்து நான்கு ஸ்லிங். எது மூன்று, எது ஐந்து என்று வெளியிலிருந்து பார்த்தால் போட்டவனுக்கே தெரியாது. அவ்வளவு நன்றாக மறைத்திருந்தான். அதனால் எல்லாவற்றையும் திருப்பி வாங்க வேண்டும். மூன்று நாள் தலைமறைவாக இருந்த வினோத் நாலாவது நாள் தன் வண்டியோடு வந்து, "ஏறு பாய்" என்றான். நசரத்பேட்டை, ஆவடி, அம்பத்தூர் எஸ்டேட் என்று ஒவ்வொரு கேட்டாகப் போய், "நான் போட்டது தப்பு, குடுத்துடுங்க" என்றான் உஸ்மான் கனி. சிலர் திட்டினார்கள். ஒரு இடத்தில் சட்டையைப் பிடித்தார்கள். ஒரு இடத்தில் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "நல்லாத்தானே தூக்குது பாய்" என்றான். அவன் கண்முன்னே சாக்கைப் பிரித்து மூன்று என்று எண்ணிக் காட்டினான் உஸ்மான் கனி. அந்த ஆள் அதே இடத்தில் மேலே தொங்கும் கொக்கியைப் பார்த்து இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

ஐப்பசி பிறப்பதற்குள் ஐம்பத்து மூன்று கிடைத்தது. ஒவ்வொன்றின் கண்ணியையும் யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி அவனே வெட்டினான். மீதியை வாங்கியவர்கள் பெயர் எழுதாமல் ரொக்கம் கொடுத்து எடுத்துக்கொண்டு போன சின்ன கான்ட்ராக்டர்கள். எங்கே வீடு கட்டுகிறார்கள், எங்கே டேங்க் ஏற்றுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ரோட்டில் ஏதாவது கிரேன் நின்றால் இப்போதும் உஸ்மான் கனி பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறான்.

தசரதனின் இடது பாதம் ஒன்று. கிடைக்காத ஸ்லிங் பதினொன்று. உஸ்மான் கனி இன்னும் தர வேண்டிய பாக்கி இது.